ஏழு பேர் ஏறினால் ஃபார்ச்சூனர் என்ன மைலேஜ் தரும்?

டொயோட்டா ஃபார்ச்சூனர் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் குறை மைலேஜ். 2.8 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக் ஊருக்குள் லிட்டருக்கு 8 முதல் 10, ஹைவேயில் 11 முதல் 13 கி.மீ. தரும். பக்கத்து வீட்டு ஸ்விஃப்ட் ஹைவேயில் 20 தருகிறது. அதை வைத்து ஃபார்ச்சூனரை 'எண்ணெய் குடிக்கும் வண்டி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் 20 தரும் ஸ்விஃப்டில் ஒரே ஆள் போனால் ஒரு லிட்டரில் நகர்ந்தது ஒரு ஆள், 20 கி.மீ. ஃபார்ச்சூனரில் ஏழு பேர் ஏறி, 11 கி.மீ. மட்டுமே கிடைத்தாலும் ஏழு ஆள் × 11 கி.மீ., அதாவது 77 ஆள்-கி.மீ. ஆகிறது. இந்த விமர்சனம் முழுக்க அந்த அளவுகோலில்தான். அதில் ஃபார்ச்சூனர் எங்கே ஜெயிக்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் இன்ஜின். 2,755 சிசி, நான்கு சிலிண்டர், 204 பிஎஸ். டார்க் (முறுக்கி இழுக்கும் விசை) மேனுவலில் 420 என்எம், ஆட்டோமேட்டிக்கில் 500 என்எம். நூறில் போகும்போது ஆறாவது கியரில் ஆர்பிஎம் முள் 2,000க்குக் கீழேதான் நிற்கும். இவ்வளவு டார்க் இருப்பதால், ஆள் ஏற ஏற இந்த வண்டி மூச்சு வாங்குவதில்லை. காரணம் எளிது. வண்டியின் சொந்த எடையே இரண்டு டன்னைத் தாண்டும். கணக்குக்கு 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் போக இன்னும் ஆறு பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 390 கிலோ, அதாவது 18 சதவீதத்துக்குச் சற்று மேல். மாருதி எர்டிகா போன்ற 1,170 கிலோ ஏழு இருக்கை வண்டியில் அதே ஆறு பேர் 33 சதவீதம். டயர் உருள்வதற்கும் வேகம் எடுப்பதற்கும் ஆகும் செலவு எடையோடு ஏறும். காற்றைக் கிழிக்கும் செலவுக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. அதனால் சீரான ஹைவே ஓட்டத்தில் ஃபார்ச்சூனரின் மைலேஜ் ஆள் ஏறியதும் கொஞ்சம்தான் இறங்கும். காலியாக 12 தந்த வண்டி நிறைந்தபின் 11, 11.5 தருவது சாதாரணம்.

மலைப்பாதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. இன்ஜின் அதில் 35 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும் என்று கொள்வோம். வண்டியின் உடம்பை மட்டும் மேலே தூக்க 3 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். கூட ஏறிய ஆறு பேரையும் தூக்க ஆவது அரை லிட்டரும் கொஞ்சமும். ஆக, ஆள் ஏறாமல் போனாலும் அந்த 3 லிட்டர் எரியத்தான் போகிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இதே குடும்பம் இரண்டு ஸ்விஃப்டில் போனால், 900 கிலோ வண்டி ஒன்றைத் தூக்க ஒன்றே முக்கால் லிட்டர் பெட்ரோல் வீதம் இரண்டுக்கும் மூன்றரை லிட்டர். ஏற்றத்தில் கிட்டத்தட்ட சமம்தான். 'பெரிய வண்டி ஒன்று, சின்ன வண்டி இரண்டைவிட எப்போதும் சிக்கனம்' என்பதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய பேச்சல்ல.

சமவெளியில் நிலைமை வேறு. சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கி.மீ. டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று கொள்வோம். ஏழு பேரோடு 11.5 தரும் ஃபார்ச்சூனருக்கு 40 லிட்டர், 3,680 ரூபாய், தலைக்கு 526. நான்கு பேரோடு 18 தரும் ஸ்விஃப்டுக்கு 25.6 லிட்டர், 2,580 ரூபாய், தலைக்கு 645. டோலிலும் இதே கதைதான். சுங்கச்சாவடியில் ஃபார்ச்சூனருக்கும் ஸ்விஃப்டுக்கும் ஒரே வகுப்பு, ஒரே கட்டணம். ஏழு பேர் இரண்டு காரில் போனால் ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு முறை கழியும்.

இதுவரை ஃபார்ச்சூனர் ஜெயித்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது வரிசைக்குப் போனால்தான் சிக்கல் ஆரம்பம்.

இது லேடர் ஃபிரேம் வண்டி, அதாவது ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடம்பை வைத்துக் கட்டியது. சட்டத்துக்கு மேல் தரை, அதற்கு அடியில் கனமான பின் ஆக்சில். ஆகவே பின்னால் தரை உயரமாகவும் இருக்கை தாழ்வாகவும் அமைந்துவிடுகிறது. ஐந்தரை அடிக்கு மேல் உள்ளவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்குக் கிட்டே வரும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. நடு வரிசையை முன்னே தள்ளிக் கொடுத்தால் கொஞ்சம் ஆசுவாசம். அப்போது நடுவில் இருப்பவர் முனகுவார். கூரையில் ஏசி துவாரங்கள் இருப்பதால் புழுக்கம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. பெரியவர்கள் இரண்டு மணி நேரம் தாங்குவார்கள்; மதுரை வரைக்கும் என்றால் திண்டிவனம் தாண்டும்போதே இடம் மாறச் சொல்வார்கள்.

அடுத்து டிக்கி. ஏழு இருக்கையும் விரித்தபின் மிஞ்சுவது ஒரு பெட்டியை நிற்க வைக்கும் இடமும் இரண்டு பைகளும். ஏழு பேரின் சாமான் அதில் அடங்காது. உடனே கூரைக் கேரியர். சாமானைத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு 100 கி.மீ. வேகத்தில் போகும்போதுதான் மைலேஜ் உண்மையிலேயே அடிவாங்குகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்ப ஏறும்: 80லிருந்து 100க்குப் போனால் எதிர்ப்பு 56 சதவீதம் அதிகம். அதோடு 1,835 மி.மீ. உயர வண்டிக்கு மேல் இன்னும் ஒன்றரை அடிக்கு ஒரு மூட்டை. ஏழாவது ஆளை ஏற்றியதால் கிடைத்த லாபத்தை அவருடைய பெட்டி கூரைமேல் ஏறித் தின்றுவிடுகிறது. கேரியர் கட்டியே ஆக வேண்டும் என்றால் பெட்டியைப் படுக்க வைத்து, முன்பக்கம் தாழ்வாகக் கட்டி, 80ஐத் தாண்டாமல் போகலாம். பயணம் முடிந்ததும் கேரியரைக் கழற்றி வைப்பது முக்கியம். பல வண்டிகளில் அது வருஷம் முழுக்க வெறும் கம்பியாக ஊளையிட்டுக்கொண்டு வரும்.

மூன்றாம் வரிசை வேண்டாத நாளில் அந்த இருக்கைகளை இரண்டு பக்கமும் தூக்கிப் பட்டையால் கட்டித் தொங்கவிட வேண்டும். தரையோடு படுக்காது. டிக்கியின் அகலத்தில் பாதியை அதுவே விழுங்கும், பின் ஜன்னல்களையும் மறைக்கும்.

இந்த இடத்தில் அதே கம்பெனியின் இன்னோவா கிரிஸ்டா குறுக்கே வந்து நிற்கிறது. அதே இன்ஜின் குடும்பத்தின் 2,393 சிசி டீசல், 150 பிஎஸ், 343 என்எம், ஐந்து கியர் மேனுவல். ஹைவேயில் 13 முதல் 15. மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் நிஜமாகவே உட்காரலாம். எட்டு இருக்கை வகையும் உண்டு. 14 கிடைத்தால் மதுரைக்கு 33 லிட்டர், ஏழு பேருக்குத் தலைக்கு 432 ரூபாய். இன்னோவாவின் ஹைபிரிட் வகையான ஹைகிராஸ் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது) நிறைந்த வண்டியாக 16 தந்தால் தலைக்கு 415. ஊருக்குள் அதற்குக் கிடைக்கும் 15 முதல் 18, ஃபார்ச்சூனருக்குக் கனவிலும் வராது. அதன் டிக்கியிலும் ஏழு இருக்கை விரித்தபின் ஏறத்தாழ 300 லிட்டர் மிஞ்சுகிறது. மலை இறக்கத்தில் மட்டும் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: பேட்டரி சின்னது, ஊட்டியிலிருந்து இறங்கும்போது பிரேக் ஆற்றலிலேயே சீக்கிரம் நிரம்பிவிடும், மிச்ச இறக்கத்துக்கு இன்ஜின் பிரேக்தான். எர்டிகா 16 தந்தால் அதுவும் தலைக்கு 415தான். ஆனால் அதன் 209 லிட்டர் டிக்கி ஃபார்ச்சூனரின் கேரியர் கதையையே திரும்பச் சொல்லும், அதுவும் 1.5 லிட்டர் இன்ஜினோடு.

ஆக, தலைக்கணக்கில் ஃபார்ச்சூனரைத் தோற்கடிப்பது ஸ்விஃப்ட் இல்லை, அதன் சொந்தத் தம்பிதான். வழியில்லாத வழியில் போக வேண்டியவர்களுக்கும், டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும் 4×4 ஃபார்ச்சூனர் வேறு விஷயம். கிரிஸ்டாவால் அது முடியாது. தார் ரோட்டில் குடும்பத்தை ஏற்றிப் போவதற்கு மட்டும் என்றால் கூடுதல் விலை எதற்கு என்ற கேள்விக்கு 'ரோட்டில் வழிவிடுகிறார்கள்' என்பதைத் தவிரப் பதில் கிடைப்பது கஷ்டம்.

தலைக்கணக்கை நேர்மையாகப் போடுவது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதில்தான் பலரும் தங்களுக்குச் சாதகமாகத் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஏழு இருக்கை என்பது கம்பெனியின் எண். பெருக்க வேண்டியது ஏறிய ஆட்களின் எண்ணிக்கை. ஒரு மாதம் 1,500 கி.மீ. ஓடும் ஃபார்ச்சூனரை எடுத்துக்கொள்வோம். அதில் 1,100 ஒரே ஆள் ஊருக்குள், 9 மைலேஜ்: 122 லிட்டர். மீதி 400 ஆறு பேரோடு ஹைவேயில், 12 மைலேஜ்: 33 லிட்டர். மொத்தம் 3,500 ஆள்-கி.மீ., 155.6 லிட்டர். லிட்டருக்கு 22.5 ஆள்-கி.மீ., அவ்வளவுதான். அதே வீட்டில் ஊருக்குள் 15 தரும் சின்னக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை மஞ்சள் போர்டு இன்னோவா ஒன்றை வாடகைக்கு எடுத்தால் (13 மைலேஜ்) 104 லிட்டரில் முடியும், 33.6 ஆள்-கி.மீ. மாதம் 50 லிட்டர் மிச்சம். வாடகை வண்டியில் டிரைவரைப் பயணியாக எண்ணக் கூடாது, அவர் நமக்காக வருகிறார். காலி ரிட்டன் இருந்தால் அந்த லிட்டரையும் நம் கணக்கில்தான் எழுத வேண்டும். எழுதினால் மேலே சொன்ன லாபம் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

மைலேஜை அளப்பது டேங்க் டு டேங்க் முறையில்தான்: டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கி.மீ.யை நிரப்பிய லிட்டரால் வகுப்பது. டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப், பம்ப் முதல்முறை தானாக நிற்கும்போதே (ஆட்டோ கட்) நிறுத்த வேண்டும். டீசல் நுரைக்கும், வேகமாக அடித்தால் முன்னதாகவே கட் ஆகும், ஆகவே மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். ஃபார்ச்சூனரின் டேங்க் 80 லிட்டர். 15 லிட்டர் ஓட்டிவிட்டு அளந்தால், நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலும் ஏறத்தாழ 7 சதவீதம் பிழை. 60 லிட்டர் ஓட்டி அளந்தால் 2 சதவீதத்துக்குள். ஒவ்வொரு ஃபில்லப்புக்கும் கி.மீ., லிட்டர், ஏறியவர்கள் என மூன்றையும் எழுதி வைத்தால் போதும். சோதனைக்கூட எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அங்கே வண்டி உருளைமேல் ஓடுகிறது, அதிகபட்ச வேகம் 90, ஏசி கிடையாது, காலி எடையோடு சேர்த்துக்கொள்வது 150 கிலோதான். ஏழு பேர் என்ற விஷயமே அந்தச் சோதனைக்குத் தெரியாது. கம்பெனிகளின் சராசரி எரிபொருள் செலவுக்கு வரம்பு வைக்கும் அரசு விதியான கஃபேயும் (CAFE) அப்படித்தான்: கம்பெனியின் மொத்த விற்பனைக்கு வண்டிகளின் சராசரி எடையை வைத்து வரம்பு போடுகிறது. எடை கூடினால் வரம்பு தளரும், எத்தனை பேரை ஏற்றும் என்பதற்கு மதிப்பெண் இல்லை.

ஊருக்குள் ஒற்றை ஆளாக இதை ஓட்டுபவர்களுக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது: டிபிஎஃப். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அது. அதைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தி எரித்து, சைலன்சர் பாதையைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றும். கடை, பள்ளி, ஆபீஸ் என்று ஐந்து கி.மீ. ஓட்டங்களிலேயே இருந்தால் இந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று போகும். ஒவ்வொரு முறையும் டீசல் வீண், சில டீசல் வண்டிகளில் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலிலும் கலக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அது டீசலாக இருக்கலாம். வாரம் ஒருமுறை 20, 25 நிமிடம் நிற்காமல் 60க்கு மேல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டேஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் அலட்சியம் செய்தால் சர்வீஸ் சென்டரில்தான் முடியும். ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால் ஒரு லிட்டர் அளவுக்குப் போகும். கல்யாண மண்டப வாசலில் தூங்கும் டிரைவர்களுக்கு இதைச் சொல்லவும் முடியாது, வெயிலைப் பார்த்தால் சொல்லவும் கூடாது.

2.7 லிட்டர் பெட்ரோல் வகையைப் பற்றி ஒரே வரி: 166 பிஎஸ், 245 என்எம், ஊருக்குள் 6 முதல் 8. ஏழு பேர் ஏறினாலும் கணக்கு கட்டுபடியாகாது, விட்டுவிடலாம்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டிலிருந்து ஏழு பேரும், அவர்கள் ஊருக்கு எடுத்துப்போகும் பெட்டிகளும் போக வேண்டும். மூன்றாம் வரிசையில் வீட்டிலேயே உயரமானவரை உட்கார வைத்து, பின் கதவைச் சாத்திப் பாருங்கள். கதவு சாத்தவில்லை என்றால் அடுத்த ஷெட்டில் நிற்கும் கிரிஸ்டாவின் சாவியைக் கேளுங்கள்.