மணல்திட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் கடல் வற்றும் நேரத்தைக் கேளுங்கள்

கடலோரமாக ஒருநாள் சுற்றுலா அழைத்துச் செல்வதாகக் கூறி முழுக் கட்டணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்ட முகவர் ஒருவரிடம் நானும் என் தோழியும் அண்மையில் ஏமாந்தோம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் வேறு யார் அதே வழியில் வந்தாலும் கண்டுகொள்ளலாம்.

கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் மணல்திட்டில் இறங்கி ஒரு மணி நேரம் நடக்கலாம் என்பதுதான் அவர்கள் விற்ற பயணத்தின் உயிர்நாடி. வழியில் காட்டிய கலங்கரை விளக்கமும் பாறைக் கரையும் எவரும் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. நாங்கள் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தூண்களில் சிப்பிகள் அப்பியிருக்கும் பகுதி முழுவதும் நீருக்குள் இருந்தது. கடலோரத்தில் வளர்ந்த என் தோழி அதைப் பார்த்ததுமே, "தண்ணீர் ஏறி நிற்கிறது, திட்டு எப்படித் தெரியும்?" என்று வழிகாட்டியிடம் கேட்டாள். பக்கத்தில் போனால் தெரியும் என்று சொல்லி அவர் எங்களைப் படகில் ஏற்றினார். (எனக்குத் தந்த மிதவை அங்கியில் ஒரு பக்கத்துக் கொக்கியே இல்லை, அது தனிக் கதை.) நடுக்கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, "திட்டு இதற்கு நேர் கீழேதான் இருக்கிறது" என்று அவர் தண்ணீரைக் காட்டியபோது படகில் ஒருவரும் பேசவில்லை.

கரைக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: இயற்கைக் காரணங்களால் நேரும் மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. புயலுக்கும் பெருமழைக்கும் இது பொருந்தலாம். கடல் ஏறி வற்றுவதற்குப் பொருந்தவே பொருந்தாது. பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது; ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இதை ஓர் ஆண்டுக்கு முன்பே கணக்கிட்டு அட்டவணையாக வெளியிடுகிறார்கள். காற்றும் காற்றழுத்தமும் நீர்மட்டத்தைச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாமே தவிர, ஏற்றத்தை வற்றமாக்கிவிட முடியாது. அப்படியிருக்க, எல்லா நாளும் காலை ஒன்பது மணிக்கே படகு புறப்படும் என்று விற்பவர்களுக்கு, பல நாட்களில் திட்டு தெரியாது என்பது தெரியாமல் இருக்க வழியில்லை. மேலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் அளவுக்கு அரைநிலா நாட்களையொட்டி வற்றுவதில்லை. தாழ்வான திட்டு அப்போது தலைகாட்டாமலே போகலாம்.

இறங்கும்போது படகோட்டி என் தோழியிடம் தணிந்த குரலில் சொன்னது இதை உறுதிப்படுத்தியது: பிற்பகலில் வந்திருந்தால் இறங்கியிருக்கலாம், ஆனால் அந்த நேரத்துக்குப் படகை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இத்தகைய பயணத்துக்குப் பதிவு செய்பவர்கள், தாங்கள் போகும் தேதியில் கடல் எப்போது வற்றும் என்பதை முகவரிடம் கேட்டு, அதிகாரபூர்வ அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள். திட்டில் இறங்க முடியாவிட்டால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாக நிறுவனம் எங்களுக்குப் பதில் அனுப்பியது. அதை மறுத்துவிட்டு, தோழி துறையில் எடுத்த தூண்களின் படத்தையும் அன்று கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையையும் அவர்களுடைய விளம்பரத்தையும் இணைத்து வங்கிக்கு அனுப்பியிருக்கிறோம். முறையீடு பரிசீலனையில் இருக்கிறது.