சிபி/எம், டொஸ், எக்ஸ்வி6: முதல் எமுலேட்டரில் எதை ஓட்டுவது?

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் காலத்தில் என்னிடம் கேட்பார்கள்: "அண்ணா, நாங்களே ஒரு எமுலேட்டர் எழுதி அதில் ஒரு இயங்குதளத்தை ஓட்டலாமா?" எமுலேட்டர் என்றால் வேறொரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல். தாராளமாக ஓட்டலாம். ஆனால் எந்தக் கணினியை எழுதப் போகிறீர்கள் என்பதைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். சிபியு மட்டும் இருந்தால் எந்த இயங்குதளமும் எழும்பாது. டிஸ்க், டைமர், கீபோர்ட், இன்டரப்ட் (சாதனங்கள் சிபியுவை இடைமறித்துக் கூப்பிடும் சைகை) எல்லாம் வேண்டும். காலத்தை விழுங்குவது அவைதான்.

தலைப்பில் உள்ள மூன்று வழிகளிலும் சுலபமானது 1974இல் வந்த இன்டெல் 8080 என்ற சிபியு. கட்டளைக் குறியீடு ஒரே ஒரு பைட், எனவே சி மொழியில் 256 கேஸ் உள்ள ஒரு ஸ்விட்ச் போதும். நினைவகம் 64 கேபி. இதில் ஓடும் பழைய இயங்குதளமான சிபி/எம் 2.2 வன்பொருளை நேரே தொடுவதில்லை. வன்பொருளோடு பேசும் அடுக்கான பயோஸின் 17 நுழைவாயில்கள் வழியாகத்தான் போகும். அந்த 17ஐயும் நீங்கள் சி மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டால் டிஸ்க் கன்ட்ரோலரே தேவையில்லை. எட்டு அங்குல டிஸ்க் என்பது 77 டிராக், ஒவ்வொன்றிலும் 26 செக்டர், செக்டருக்கு 128 பைட்; மொத்தம் 256,256 பைட் உள்ள ஒரு சாதாரணக் கோப்பு. குறை என்னவென்றால், இதில் பேஜிங் (நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து முகவரிகளை மாற்றித் தரும் முறை) இல்லை, இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையில் வேலி இல்லை. இன்றைய இயங்குதளம் எப்படி நடக்கிறது என்பதை இது காட்டித் தராது.

பலரும் ஆசைப்படுவது 1981இன் ஐபிஎம் பிசிக்கு, அதாவது அதன் சிபியுவான 8088க்கும் அதன் இயங்குதளமான டொஸ்ஸுக்கும். பழைய கேம் ஓட்டலாம் என்ற ஆசை. நான் இதை வேண்டாம் என்றே சொல்வேன். கட்டளைகளின் நீளம் ஒரே அளவில்லை, முன்னால் பிரிஃபிக்ஸ் (கட்டளையின் பொருளை மாற்றும் பைட்) வேறு வரும். அதைக்கூடச் சமாளிக்கலாம். டைமர் சிப் 8253, இன்டரப்ட் சிப் 8259, சிபியு இல்லாமலே தரவை நினைவகத்துக்கு நகர்த்தும் டிஎம்ஏ, ஃப்ளொப்பி கன்ட்ரோலர் என்று ஒவ்வொன்றும் தனிக் கதை. டொஸ் நிரல்கள் பயோஸைச் சுற்றிக்கொண்டு நேரே வீடியோ நினைவகத்தில் எழுதும், போர்ட்டுகளைத் தட்டும். இலவச டொஸ்ஸான ஃப்ரீடொஸ் எழும்பிவிட்டது என்பதற்காக ஒரு கேம் ஓடும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு எழுதினாலும் இன்னும் ஒரு நிரல் ஓடாமல் கிடக்கும். ஒரு செமஸ்டரில் முடிக்க வேண்டியவருக்கு இது சரிவராது.

என் தெரிவு ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பு, அதில் எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட சிறிய இயங்குதளமான எக்ஸ்வி6. அடிப்படை 32-பிட் தொகுப்பில் 40 கட்டளைகள்தான். எக்ஸ்வி6க்கு 64-பிட்டும் பெருக்கல், அட்டொமிக் (இடையில் குறுக்கிட முடியாத) கட்டளைகளும் வேண்டும். சுருக்கக் கட்டளைகள் இல்லாமல் கம்பைல் செய்தால் 16-பிட் வடிவங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையேடு இரண்டு தொகுதி, இலவசம். டவுனிலிருந்து நிலாவெளி பஸ்ஸில் போகிற நேரத்தில் போனிலேயே வாசிக்கலாம். இன்டெல் கையேடு ஆயிரக்கணக்கான பக்கம்.

இங்கே படிக்கக் கிடைப்பது அதிகம். உதாரணமாக ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 என்ற பேஜிங் முறை. 39 பிட் முகவரியை 9, 9, 9, 12 என்று பிரிக்க வேண்டும். முதல் ஒன்பது பிட் மேல் அட்டவணையின் 512 பதிவுகளில் ஒன்றைக் காட்டும், அது அடுத்த அட்டவணைக்கு வழி சொல்லும், மூன்றாவதில் உண்மையான பக்கம் கிடைக்கும். எழுத அனுமதி இல்லாத பக்கத்தில் எழுதப் போனால் காரண எண் 15உடன் கேர்னலுக்குள் பாய வேண்டும். வகுப்பில் படமாகப் பார்த்ததை இருபது முப்பது வரியில் உங்கள் கையால் எழுதுகிறீர்கள்.

பிழைகள் வரும் இடங்களும் தெரிந்தவைதான். 64-பிட்டில், ரெஜிஸ்டரின் மேல்பகுதியில் எண்ணை ஏற்றும் எல்யூஐ கட்டளை குறி பிட்டை (மிக மேல் பிட்டை) மேலே நீட்டும்: பதினறும 80000 கொடுத்தால் மேல் 32 பிட்டும் ஒன்றாகிவிடும். இதை விட்டுவிட்டால் உடனே தெரியாது, எங்கோ ஒரு ஒப்பீட்டில் போய்க் கவிழ்க்கும். எக்ஸ்வி6 எழும்பி டாலர் குறி வந்தபின் எதைத் தட்டினாலும் பதில் இல்லையா? முதலில் இன்டரப்ட்டுகளைச் சிபியுவுக்குக் கொண்டுபோகும் பிளிக்கைப் பாருங்கள். கீபோர்ட் எழுத்துகள் வந்து சேரும் யுஆர்ட் என்ற சீரியல் போர்ட்டின் இன்டரப்ட்டுக்கு அது 10 என்ற எண்ணைத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய வசதி, ஏற்கெனவே உள்ள எமுலேட்டரான கியூஎமுவில் அதே கேர்னலை ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ரெஜிஸ்டர்களை ஒப்பிடலாம். எந்த வரியில் முதலில் பிரிகிறதோ அங்கே உங்கள் பிழை. டைமர் இன்டரப்ட் தொடங்கும் வரைதான் இரண்டும் வரிக்கு வரி பொருந்தும், ஆனால் ஆரம்பப் பிழைகளில் பெரும்பகுதி அதற்குள் பிடிபட்டுவிடும்.

ஓட்டும் முறையிலும் தெரிவு இருக்கிறது. ஃபப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு கட்டளைகளைக் கூட்டமாக மொழிபெயர்த்து வேகமாக ஓட்டும். பொக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்து ஓட்டும். முதல் முயற்சிக்கு இரண்டாவதுதான். சாதாரண லெப்டொப்பிலேயே நொடிக்குச் சில கோடிக் கட்டளைகள் ஓடும், எக்ஸ்வி6க்கு அது போதும். 2007இல் லினக்ஸுக்குள் வந்த கேவிஎம்மைச் சிலர் கேட்கிறார்கள். அதில் சிபியு வேலையை உங்கள் சிப்பே பார்க்கும், அதனால் இன்டெல் லெப்டொப்பில் ரிஸ்க்-ஃபைவ் ஓடாது.

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளை கேட்டால் மட்டும் என் பதில் மாறும். அவருக்கு 8080தான். சி மொழி ஓரளவு வந்தால் போதும், பேஜிங் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. திரையில் 'ஏ>' வந்து, டிஐஆர் என்ற கட்டளையை அடித்ததும் கோப்புப் பட்டியல் விழுவதைப் பார்த்தவர் வளாகத்துக்கு வந்தபின் ரிஸ்க்-ஃபைவைத் தானாகவே தேடிப் போவார்.