சம்பள சீட்டு இல்லாதவங்களுக்கு வீட்டுக் கடன்: மன்னார்குடில ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி, ரிவ்யூ, 5க்கு 3

கம்பெனி பேரு போடல. டெல்டா டவுன்கள்ல இதே மாதிரி ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறைய இருக்கு, யாருகிட்ட போனாலும் முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான். கடன் எங்க அண்ணன், அண்ணி ரெண்டு பேரு பேர்லயும். 5 லட்சம், 10 வருஷம், 13% ஃப்ளோட்டிங் வட்டி, அதாவது நடுவுல ஏறி இறங்குற வட்டி.

13%க்கு ஏன் போனீங்கன்னு கேப்பீங்க. தமிழ்நாடு அரசோட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசைல இருக்கவங்களுக்கு, 360 சதுர அடி, 3.5 லட்சம். அண்ணன் வீடு ஓட்டு வீடு, 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப பாதி ஓடு பறந்து அதுக்கப்புறம் தார்ப்பாய்லதான் ஓடுது, ஆனா கணக்குல அது ஓட்டு வீடுதானே. பிரதமர் வீட்டுத் திட்டத்துக்கு 2011 கணக்கெடுப்ப வச்சு போட்ட லிஸ்ட், அதுலயும் பேரு இல்ல. ரெண்டுல எதுல பேரு இருந்திருந்தாலும் முழுசா தீந்திருக்காது, எங்க பக்கம் சதுர அடி 2,000க்கு கீழ எந்த மேஸ்திரியும் பேசல, 360ஐ அதால பெருக்கினா 7.2 லட்சம், அதான் திட்டத்துல வீடு கிடைச்சவங்களும் மீதிக்கு நகைய வைக்கிறது, குழுக்கடன் வாங்குறதுன்னு அலையுறாங்க. பேங்க்ல கேட்டா வருமான வரி ரிட்டர்ன் கொண்டான்னாங்க, குத்தகைக்கு சாகுபடி பண்ற மனுஷன் அதுக்கு எங்க போவாரு.

இந்த எடத்துலதான் இவங்களுக்கு ஃபுல் மார்க். ஃபீல்டு ஆபிசர் தம்பி வீட்டுக்கே வந்து உக்காந்தாரு. டிபிசில, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துல, நெல்லு போட்ட பணம் அக்கவுண்ட்ல ஏறின பாஸ்புக், பால் சொசைட்டி அட்டை, அண்ணி ஜாக்கெட் தைக்கிற கணக்கு நோட்டு எல்லாத்தையும் பொறுமையா பாத்தாரு. "அக்கா, தீபாவளி பொங்கல விடுங்க, ஆனி ஆடில தையல்ல எவ்வளவு வரும்?"னு கேட்டாரு பாருங்க, அங்கயே தெரிஞ்சுது வேலை தெரிஞ்ச ஆளுன்னு. பக்கத்து டீக்கடையிலயும் விசாரிச்சிட்டு போனாராம்.

பத்திரம் சுத்தமா இருந்ததால லீகல் சிக்கல் இல்லாம முடிஞ்சுது. 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா. ஆனா அதே தெருவுல கோயில் அடிமனையில மூணு தலைமுறையா வீடு கட்டி வாடகை கட்டிட்டு இருக்கவங்களுக்கு எந்த கம்பெனியும் ஒரு ரூபா தராது, மனை சாமி பேர்ல இருக்கு, எதை அடமானம் வைப்பாங்க. நம்ம டெல்டாவுல இப்படி எத்தனை தெரு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப மைனஸுக்கு வர்றேன். வட்டிய விட மோசம் பணம் வர்ற நேரம். முதல்ல நம்ம கைக்காச போட்டு வேலைய ஆரம்பிக்கணும், அப்புறம் பேஸ்மட்டம், லிண்டல், மேல்தளம், ஃபினிஷிங்னு ஒவ்வொண்ணா முடிச்சு, இஞ்சினியர் வந்து போட்டோ எடுத்து, அதுக்கப்புறம்தான் ரிலீஸ். பேஸ்மட்டத்துக்கு அவங்க ஒதுக்குற சதவீதம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். செம்மண் பூமில அது சரியா வரலாம். இங்க கோடையில வெடிச்சு மழையில ஊதுற களிமண்ணு, கடக்கால ஆழமா எடுத்து மணல் அடிச்சு நெரப்பணும், மணல் விலைய பத்தி நான் சொல்லணுமா என்ன. ஆக அண்ணன் சேத்து வச்சதெல்லாம் தரைக்கு கீழயே போயிடுச்சு, லிண்டல் வரைக்கும் அண்ணி செயின் அடகுக்கடையிலதான் இருந்துச்சு, அந்த வட்டி எந்த கடன் கணக்குலயும் வராது. தளத்து பணம் புரட்டாசில வந்திருக்க வேண்டியது ஐப்பசிக்கு தள்ளிப்போச்சு, மழை புடிச்சுக்கிச்சு, செங்கல் சூளையும் மூடிட்டான், பொங்கல் வரைக்கும் மொட்டைச் சுவராவே நின்னுச்சு. அந்த மாசமெல்லாம் வாங்கின பணத்துக்கு வட்டி மட்டும் தவறாம ஓடுது, 2 லட்சத்துக்கு மாசம் 2,167. கட்ட நெனைக்கிறவங்க தை மாசி அறுப்பு முடிஞ்ச கையோட ஆரம்பிச்சு ஆவணிக்குள்ள தளம் போட்டுடுங்க, இதை எந்த பிராஞ்ச்லயும் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, கடன் கணக்கு போடும்போது இன்சூரன்ஸ்னு ஒரு தொகைய அவங்களாவே கடன்ல சேத்துட்டாங்க. கட்டாயமான்னு கேட்டா "எல்லாரும் போடுறாங்க சார்"ங்கிறாங்க. 2024 அக்டோபர்ல இருந்து முக்கிய விவரப் பத்திரம்னு ஒண்ணு குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி, நமக்கு புரியிற மொழியில இருக்கணும், எல்லா செலவும் சேத்து வருஷ வட்டி எவ்வளவு ஆகுதுன்னு அதுல வந்துடும். தமிழ்ல வேணும்னு கேட்டோம், கொஞ்சம் இழுத்தடிச்சுதான் குடுத்தாங்க. அதை பாத்துதான் இன்சூரன்ஸே கண்ணுல பட்டுது, எழுதிக் குடுத்து எடுக்க வச்சோம்.

ஏஜென்ட் 4% வட்டி மானியம் வரும்னு ஆசை காட்டுவாரு. அது பிரதமர் வீட்டுத் திட்டத்தோட நகர்ப்புறப் பிரிவு 2.0, பஞ்சாயத்து கிராமத்துல கட்டுற நமக்கு இல்ல. மன்னார்குடி முனிசிபாலிட்டிக்குள்ள மனை இருந்தா கேளுங்க, 1.80 லட்சம் வரைக்கும் அஞ்சு தவணையா வரும்.

பேங்க்ல 8.5%க்கு கிடைச்சிருந்தா மாசம் 6,200 பக்கம், இங்க 7,465. மொத்தத்துல ஒன்றரை லட்சம் கூடுதல். ரிட்டர்ன் போடுறவங்க, அரசாங்க வேலைல இருக்கவங்க இந்த பக்கமே வராதீங்க. மத்தவங்க கந்துவட்டிக்கு இது எவ்வளவோ தேவலை.

தவணை மாசா மாசம், நமக்கு காசு வர்றது குறுவைக்கு ஒரு தடவ, சம்பாவுக்கு ஒரு தடவ. அறுப்பு மாசத்துல மட்டும் கூட கட்டுற மாதிரி போட முடியுமான்னு கேட்டோம், சிஸ்டத்துல இல்லையாம். அதனால சம்பா பணம் வந்ததும் ஒரு தொகைய அசல்ல கட்டுறோம், ஃப்ளோட்டிங் வட்டிங்கிறதால அபராதம் கிடையாது. அப்போ தவணைய குறைக்கணுமா மாசத்த குறைக்கணுமான்னு கேப்பாங்க, மாசத்த குறைக்க சொல்லி ரசீதுல எழுதி வாங்கிக்கங்க.