மானிட்டர் நிறத்தைச் சரிசெய்து நாலைந்து வருடம்: எது நிஜமாகவே உதவியது?

புகைப்படம் பார்க்கவும் திருத்தவும் நான் வைத்திருப்பது 27 அங்குல ஐபிஎஸ் மானிட்டர்; பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல். வைட் கேமட் வகை, அதாவது சாதாரணத் திரையைவிட அதிக நிறங்களைக் காட்டக்கூடியது. இதனோடு பழகியதில் எனக்குத் தெளிவானது ஒன்று: கருவி எதுவும் வாங்குவதற்கு முன், வெளிச்சத்தைக் குறைத்து, அணைக்க வேண்டியதை அணைத்தாலே பாதி வேலைக்கு மேல் முடிந்துவிடும்.

புது மானிட்டர்கள் பெரும்பாலும் கடையில் பளிச்சென்று தெரிவதற்காகவே அமைக்கப்பட்டு வருகின்றன. வெளிச்சம் 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை இருக்கும், வெள்ளையில் நீலம் தூக்கலாக இருக்கும். வீட்டு அறைக்கு 100 முதல் 120 நிட் தாராளம். அதிக வெளிச்சத்தில் உட்கார்ந்து திருத்தினால், நம்மை அறியாமல் படத்தை இருட்டாக்கிவிடுவோம். ஆல்பம் மங்கலாக வந்தது என்று லேபைத் திட்டுபவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். அளக்கக் கருவி இல்லையா? திரையில் காலிப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை குறையுங்கள்.

அப்புறம், படத்துக்கேற்ப வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டைனமிக் காண்ட்ராஸ்ட், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் இரண்டையும் அணைக்க வேண்டும். லேப்டாப் என்றால் கிராபிக்ஸ் டிரைவருக்குள் ஒரு மின்சேமிப்பு வசதி ஒளிந்திருக்கும். பேட்டரியில் ஓடும்போது படத்துக்குத் தக்கபடி திரையின் வெளிச்சத்தை அதுவாகவே மாற்றும்; அதையும் அணையுங்கள். எச்டிஎம்ஐ இணைப்பில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், வெளியீடு கறுப்பு முதல் வெள்ளை வரை 0–255 என்ற முழு அளவில் இல்லாமல் டிவிக்கான 16–235 அளவில் போகிறதா என்று பாருங்கள்.

வைட் கேமட் மானிட்டரின் உண்மையான தலைவலி வேறு. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை எஸ்ஆர்ஜிபி என்ற, இதைவிடக் குறுகிய நிற அளவில் உள்ளவை. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த தரம் அது. நிறத்தைக் கவனிக்காத செயலிகள் படத்தின் நிற எண்களை அப்படியே மானிட்டருக்கு அனுப்பிவிடும். மானிட்டரோ தன் பரந்த அளவுக்கு அவற்றை இழுத்துக் காட்டும். கல்யாணப் படங்களில் அரக்குப் பட்டு கண்ணைப் பறிக்கும், மணமக்கள் முகம் தக்காளியாகச் சிவந்திருக்கும். மானிட்டர் மெனுவில் உள்ள எஸ்ஆர்ஜிபி மோட் இதற்கு மருந்துதான். ஆனால் என்னுடையதில் அந்த மோட் போட்டால் வெளிச்சத்தை மாற்ற விடாது. ஏன் இப்படிப் பூட்டி வைக்கிறார்களோ!

அந்த எரிச்சலில்தான், திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் வாங்கினேன். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளில் வெண்மை 6500 கெல்வின், காமா (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பது) 2.2, வெளிச்சம் 120 நிட் என்று இலக்கு வைத்தேன். அளக்கும் முன் மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். பலன்? நிழல் பகுதிகளில் இருந்த லேசான ரோஸ் சாயல் போய்விட்டது. முதலில் எல்லாமே மஞ்சளாகத்தான் தோன்றும், பொறுங்கள், கண் பழகிவிடும். இப்படிப் பழகிக்கொள்ளும் குணம் கண்ணுக்கு இருப்பதால்தான், விண்டோஸில் கண்ணால் பார்த்து நிறச் சமநிலையை நகர்த்தும் வசதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. காமாவைச் சரிபார்க்க வேண்டுமானால் அது போதும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கலரிமீட்டர் உருவாக்கித் தரும் ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் திரையின் நிறத் தன்மையைச் சொல்லும் கோப்பு), அதைப் படிக்கத் தெரிந்த ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்றவற்றில்தான் முழுப் பலன் தரும். பழைய பட வியூவர்கள் அதைச் சட்டை செய்யாது. டிரைவர் அப்டேட் ஆனபின் ப்ரொஃபைல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாதாமாதம் அளக்கச் சொல்வார்கள். என் மானிட்டரில் நிறம் அவ்வளவு வேகமாக நகர்வதில்லை, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் பழைய டிஎன் (மலிவான பேனல் வகை) லேப்டாப்பையும் அளந்து பார்த்தேன். வெள்ளை சரியானது, அவ்வளவுதான். அந்தப் பேனலால் காட்டவே முடியாத சிவப்பை எந்தக் கருவியும் வரவழைக்காது. தலையை அசைத்தாலே நிறம் மாறுகிறது. அப்படிப்பட்ட திரைக்காகக் கலரிமீட்டர் வாங்க வேண்டாம், அந்தக் காசை நல்ல ஐபிஎஸ் மானிட்டருக்குச் சேர்த்து வையுங்கள். நல்ல திரை ஏற்கெனவே இருந்தால், நண்பர்கள் சேர்ந்து ஒரே கருவியை வாங்கிச் சுற்றுக்கு விடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.