121 குதிரை: டைனோவில் பிழையா, எஞ்சினில் பிழையா?

கொழும்பில் டைனோவால், அதாவது காரை ரோலரில் ஓட்டிச் சக்தியை அளக்கிற இயந்திரத்தால், இறக்கிய கையோடு தந்த தாளில் 121 குதிரை என்று இருந்தது. கார் ஹோண்டா ஈகே சிவிக். உள்ளே பி16ஏ எஞ்சின், நாலு-ரெண்டு-ஒன்று ஹெடர் (நாலு சிலிண்டரின் புகைக் குழாய்களை ஒன்றாகச் சேர்க்கிறது), இரண்டரை அங்குல எக்ஸோஸ்ட், முன் பம்பருக்குள் பதிந்து கிடக்கிற கூம்பு ஃபில்டர், மாத்தி எழுதின ஈசியூ, அதாவது எஞ்சின் கணினி. இந்த எஞ்சினின் இரண்டாம் தலைமுறைக்கு ஹோண்டா சொன்ன கணக்கு 7800 ஆர்பிஎம்மில் 170 பிஎஸ், அதாவது 170 குதிரை. காசைக் கொட்டி 49 குதிரையைத் தொலைத்தவன் என்ற நினைப்போடு ஏ9 வீதியில் ஏறினேன்.

ஓமந்தை தாண்ட முதலே போனில் நாலு கட்சி உருவாகிவிட்டது. டைனோ பிழை, வேறு இடத்தில் ஏத்து என்றது ஒன்று. ட்யூன் பிழை, ஈசியூவைத் திரும்ப எழுது என்றது இன்னொன்று. 95 ஒக்டேன் பெற்றோல் அடிக்காமல் 92 அடித்திருப்பாய் என்றது மூன்றாவது. நாலாவது கட்சி எப்போதும் போல, பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) போடச் சொன்னது. கிளிநொச்சியில் என் காரைப் பார்க்கிற அண்ணை மட்டும், "தம்பி, தாளைக் கொண்டு வாரும், பாப்பம்" என்றார். நாலு வழியையும் அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் எனக்கு விளங்கியதுதான் கீழே.

முதலில் டைனோக் கட்சி. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 170 என்பது கிராங்கில், அதாவது எஞ்சினின் தண்டிலேயே, அளந்தது. கியர்பொக்ஸ், ட்ரைவ் ஷாஃப்ட், ரயர் எல்லாம் தின்றது போக, முன்சில்லு மனுவல் காரில் சில்லுக்கு வருவது 12 முதல் 18 சதவீதம் குறைவாகத்தான் இருக்கும். நல்ல நிலையிலுள்ள பி16ஏ ரோலரில் 135 முதல் 145 வரை காட்டினாலே போதும். ஆகவே என் காரில் காணாமல் போனது 49 அல்ல, 20 அளவில். பாதித் துக்கம் அதிலேயே போய்விட்டது.

அடுத்து தாளின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கிற திருத்தக் கணக்கு, அன்றைய காற்றின் நிலையை ஒரு பொது அளவுக்கு மாற்றுகிறது. எஸ்ஏஇ என்றால் 25 பாகை வெப்பத்துக்கும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்றுக்கும் கணக்கை மாற்றித் தருகிறது. எஸ்டிடி என்றால் ஏறத்தாழ 15.5 பாகைக் குளிர் காற்றுக்கு மாற்றுகிறது, அதனால் ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். ஒருவர் எஸ்டிடித் தாளோடும் மற்றவர் எஸ்ஏஇத் தாளோடும் நின்று சண்டை பிடிப்பது தேத்தண்ணிக் கடையில் நடக்கிற விஷயம். இயந்திரமும் ஒன்றல்ல. ரோலரின் பாரத்தை உருட்டி அளக்கிறது ஒரு வகை, பிரேக் போட்டுச் சுமை தந்து அளக்கிறது இன்னொன்று, சில்லைக் கழற்றி ஹப்பில் நேரே பூட்டுவது மூன்றாவது. ஒன்றின் இலக்கத்தை மற்றதோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கும் உதவாது. ஒரே காரை, ஒரே டைனோவில், ஒரே கியரில் முன்னும் பின்னும் ஏற்றினால்தான் அந்த இலக்கத்துக்குப் பொருள் உண்டு.

அதனால் வேறு டைனோ என்ற யோசனையை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அது இன்னொரு இலக்கத்தைத் தரும், வருத்தம் என்ன என்று சொல்லாது. அதைவிடக் கையிலிருக்கிற தாளையே ஒழுங்காக வாசிக்கலாம். என்னுடையதில் மூன்று ஓட்டம்: 121, 120, 117. ஓட்ட ஓட்டக் குறைகிறது என்றால் எஞ்சின் அறை சூடேறி, உள்ளே போகிற காற்றும் சூடாகிறது. முன்னால் வைத்த காற்றாடி போதவில்லை. அதில் ஒரு மூன்று நாலு குதிரை.

ஆனால் அண்ணை உச்ச இலக்கத்தைப் பார்க்கவே இல்லை. கோட்டின் மேல் விரலை வைத்து, 3000இலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். "மேல விழேல்லை. எல்லா இடமும் ஒரே மாதிரிப் பதிஞ்சு கிடக்கு" என்றார். விஷயமே அந்த ஒரு வரிதான். 6000 வரை நன்றாக ஏறி அதன்பின் கோடு சரிந்தால் பெற்றோல் பம்ப், வால்வ் ஸ்பிரிங், திறக்காத வீடெக் (வேகம் ஏறினதும் வால்வை இன்னும் அதிகம் திறக்கிற ஹோண்டா முறை) என்று தேடலாம். பல்லுப் பல்லாக இருந்தால் மிஸ்ஃபயர், அல்லது ரயர் ரோலரில் வழுக்குகிறது. கீழிருந்து மேல்வரை ஒரே அளவாகத் தாழ்ந்திருந்தால் டைமிங் (பிளக் பொறி விடுகிற நேரம்), கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அளவு), காற்று ஆகிய மூன்றுக்குள்தான் குறை. நாலு கட்சியும் சொன்ன சாமான்களில் முக்கால்வாசி அந்த விரலோட்டத்திலேயே கழிந்துவிட்டது. எனக்கு 5600 பக்கம் ஒரு சின்னப் பள்ளமும் இருந்தது. அது வீடெக் மாறுகிற இடம், அதைப் பிறகு பார்ப்போம்.

இனி ட்யூன் கட்சியும், எஞ்சினைச் சோதிக்கச் சொல்கிற அண்ணையும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ட்யூனர் கையில் வைட்பாண்ட் இருக்கிறது. எக்ஸோஸ்டில் மிஞ்சுகிற ஒட்சிசனை வைத்துக் காற்று-பெற்றோல் விகிதத்தைச் சொல்கிற கருவி. டேர்போ இல்லாத எஞ்சினை முழு அக்சிலேட்டரில் ஓட்டும்போது 12.8 முதல் 13.2 வரை நின்றால் நல்லது. என்னுடையது 12.9. ஆகவே பெற்றோல் சரி, எஞ்சின் சரி என்றார்கள். அங்கேதான் சறுக்கல். வைட்பாண்டைப் பூட்டுவது நாலு குழாயும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில். அது நாலு சிலிண்டரின் சராசரியைச் சொல்லும். வகுப்புச் சராசரி 60 என்றால் ஒரு பிள்ளை பெயிலாகவில்லை என்று அர்த்தமா?

பிளக் அப்படியல்ல. நாலையும் கழற்றி வாங்கில் வரிசையாக வைத்தோம். மூன்று மண்ணிறமாகக் காய்ந்து இருந்தது. மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து, மரையில் ஒயில் பிசுபிசுத்தது. கருவி என்று ஒன்றும் தேவைப்படவில்லை, பிளக் சாவி ஒன்றே போதுமாக இருந்தது. வைட்பாண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ட்யூன் செய்ய அது இல்லாமல் முடியாது. ஆனால் நோய் பிடிக்கிற வேலைக்கு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் பிளக்கைத்தான் எடுப்பேன்.

பிறகு கொம்பிரஷன். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, பெற்றோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, அக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காமல் அடித்துவிட்டு இலக்கம் குறைவு என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு வந்தது 178, 175, 138, 172 பிஎஸ்ஐ. ஹோண்டாவின் குறைந்தபட்ச அளவு 135தான், அந்தக் கணக்கில் மூன்றாவது பாஸ். ஆனால் சிலிண்டருக்குச் சிலிண்டர் 28க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பதும் ஹோண்டாவே சொன்னதுதான். இங்கே 40.

கொம்பிரஷன் கேஜ் குறை இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதற்கு லீக்டவுன். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, பிளக் துளையால் 100 பிஎஸ்ஐ காற்றை விட்டு, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10க்குள் என்றால் நல்லது, 20ஐத் தாண்டினால் கவலைப்படலாம். ரயருக்குக் காத்தடிக்கிற கொம்பிரசரே போதும். கொழும்புக்குப் போகவே தேவையில்லை. மூன்றாவதில் 28 காட்டியது. அண்ணை பக்கத்து ஒட்டுவேலைக்காரனை கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காது வைத்தார். காற்று வாங்குகிற வாயில் சத்தம் இல்லை, இன்டேக் வால்வ் சரி. சைலன்சரில் இல்லை, எக்ஸோஸ்ட் வால்வும் சரி. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, கஸ்கட் தப்பியது. ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்ததும் பாம்பு சீறுகிற மாதிரி ஸ்ஸ்ஸ் என்று வந்தது. ரிங், பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையை அடைக்கிற வளையம். அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப கொம்பிரஷன் அடித்தால் 138 என்பது 165 ஆகிறது, ரிங் விட்ட இடைவெளியை ஒயில் கொஞ்ச நேரம் அடைக்கிறது. இரண்டாவது சாட்சி.

ஏன் ரிங் தேய்ந்தது? கூம்பு ஃபில்டர். நான் கிழமைக்கு மூன்று நாள் முத்தையன்கட்டுப் பக்கம் வயலுக்குப் போகிறவன். சோளகம் தொடங்கினால் அந்தக் கிரவல் பாதையில் முன்னால் ஒரு உழவு மெஷின் போனாலே போதும், பொனற்றுக்கு மேல் செம்மண் விரலளவு படியும். பம்பருக்குக் கீழே கிடக்கிற ஃபில்டர் அந்தப் புழுதியை நேரே இழுக்கிறது. போதாக்குறைக்கு நான் அதற்கு ஒயில் தடவி எத்தனை மாதம் என்று எனக்கே நினைவில்லை. இன்டேக் குழாய்க்குள் விரலை விட்டேன், சிவப்பாக வந்தது. குளிர்ந்த காற்றுக்கு என்று விற்கிற சாமான் கொழும்புக் கார்பெட் வீதியில் நாலைந்து குதிரை தரலாம். இங்கே அது அரைக்கிற கல்.

டைமிங்கையும் பார்த்தோம். பி16ஏக்கு ஐட்லிங்கில், பிஸ்டன் உச்சிக்கு வர 16 பாகை முதலே பொறி விழ வேண்டும். சேவிஸ் கனெக்டரை ஷோர்ட் செய்துவிட்டுத்தான் டைமிங் லைட் அடித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஈசியூ தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டு நிற்கும். எனக்கு 11 இருந்தது. யாரோ ஒரு கராஜில் கனெக்டரைத் தொடாமல் வைத்த வேலை. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப இரண்டு நிமிடம், செலவு பூச்சியம்.

பெற்றோல் கட்சிக்கு அதிகம் சொல்ல இல்லை. 95 தானாகச் சக்தி தராது. டைமிங்கை முன்னுக்குத் தள்ளினாலும் தட்டாமல், அதாவது பெற்றோல் தானாக வெடிக்காமல், தாங்கும், அவ்வளவுதான். 11 பாகையில் கிடந்த எஞ்சினுக்கு 92ஓ 95ஓ ஒன்றுதான். அண்ணை இதைக் கேட்டுச் சிரித்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின மனிதர். எஞ்சின் தட்டுகிற சத்தத்தை எந்தச் சென்சருக்கும் முன்னால் அவர் காது பிடித்துவிடும்.

கேம் கட்சிக்கு இரண்டே வரி. 138 பிஎஸ்ஐ சிலிண்டரோடு பெரிய கேம் போட்டால் கீழே இருக்கிற இழுவையும் போகும். ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் பூட்டுகிற கதை.

எஞ்சினைத் திறந்து, சிலிண்டர்ச் சுவரை மெல்லத் தேய்த்து ஹோன் பண்ணி ரிங் மாற்றினோம். மூன்றாவதின் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தால் தடவினால் தெரிந்தது, ஆனால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குகிற அளவுக்கு இல்லை. கூம்பைக் கழற்றிவிட்டுக் கொம்பனியின் பெட்டியும் கடதாசி ஃபில்டரும் திரும்ப வந்தன. ஓட்டிப் பழக்கிய பிறகு அதே டைனோ, அதே நாலாம் கியர், ரயரில் அதே காற்று, காற்றாடி மட்டும் பெரிதாகக் கேட்டு வாங்கினேன். 139, 139, 138. ஈசியூவில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இதில் ரிங்குக்கு எவ்வளவு, டைமிங்குக்கு எவ்வளவு, காற்றாடிக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு ஏற்றியிருந்தால் சொல்லலாம், பெற்றோல் காசு யார் தருவது?

5600இல் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. அது ட்யூனரின் வேலை, வீடெக் மாறுகிற இடத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். சிறுபோகம் வெட்டி முடிய ஒருக்கால் போகவேண்டும்.