யவனர் வந்த ஊரில் அரைநாள்

சீர்காழியில் பஸ் ஏறி, யவனர் என்ற கிரேக்க, ரோம வணிகர்கள் வந்துபோன பழைய துறைமுகமான பூம்புகாருக்கு அம்மாவோடு போனேன். எல்லோரும் நேரே கடற்கரைக்கு ஓடுகிறார்கள். பழைய இடிபாடுகள் இருக்கும் பல்லவனேச்சரத்தில் இறங்கியது நாங்கள் இருவர்தான். புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம், வரிசையாகச் சதுர அறைகள். ஒரு கல்லைச் சாணால் அளந்து பார்த்த அம்மா, "நம்ம சூளைக் கல்லு இதுக்கிட்ட நிக்குமாடா?" என்றார். சூளையில் கல் அறுத்த கை அது.

பக்கத்துக் கீழையூரில்தான் 1960களில் பழைய படகுத்துறையின் செங்கல் கட்டுமானமும், படகு கட்டும் மரக்கம்பங்களும் தோண்டியெடுத்தார்கள். ரோமக் காசுகளும் இந்த வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன. ரோமாபுரி மாதிரி தூணும் வளைவும் தேடிப் போனால் ஏமாற்றம்தான். முழங்கால் உயரச் சுவர்கள் மட்டுமே. வெயிலுக்குமுன் போங்கள், குடை அவசியம். திரும்பும்போது கடற்கரையில் ஒரு கடையில் வாங்கிய வறுத்த மீன் ஆறிச் சவசவவென்றிருந்தது. கல்லுக்கு ஐந்து நட்சத்திரம், மீனுக்கு ஒன்று.