ஆட்டு இதயமா, பிளாஸ்டிக் இதயமா?

உயர்தரத்தில் (A/L) இதயத்தின் சோணையறை, இதயவறை, இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாடி, திருப்பிக் கொண்டுவரும் நாளம் என்று தமிழில் பாடமாக்கிவிட்டுக் கொழும்பு மருத்துவ பீடத்துக்கு வருபவர்களுக்கு முதல் அடி ஆங்கிலம். அடுத்தது உடலை வெட்டிப் படிக்கும் டிசெக்சன் மேசையைச் சுற்றி நிற்கும் கூட்டம். போர்மலினில் பதப்படுத்திய மனித இதயம் நம் கைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அறையில் வைத்துப் படிக்க எதை வாங்கலாம் என்று தம்பி தங்கைமார் கேட்பதால் இது.

பிளாஸ்டிக் மாதிரி கழற்றிப் பூட்ட வசதி, மணக்காது. ஆனால் நாடி சிவப்பு, நாளம் நீலம் என்று நிறத்தைப் பார்த்தே பெயர் சொல்லப் பழகிவிடுவீர்கள். சோதனை மேசையில் இருப்பதோ எல்லாமே ஒரே பழுப்பு.

என் வாக்கு ஆட்டு இதயத்துக்குத்தான். வெள்ளவத்தை இறைச்சிக்கடையில் முதல் தடவை வாங்கியது கறிக்கு ஏற்றபடி கீறி, குழாய்கள் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. "நானா, கீறாம தாங்கோ, மேல குழாயையும் விட்டுத் தாங்கோ" என்று அடுத்த முறை கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார், தந்தார்.

பெருநாடிக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அங்குள்ள வால்வின் மூன்று அரைமதி இதழ்களும் பூரித்து ஒன்றோடொன்று முட்டி நீரைத் தாங்கும். இரண்டு இதழ்களுக்கு மேலே சிறு துளைகள் தெரியும். ஈர்க்கு நுழைத்தால், இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் முடியுருநாடிக்குள் போகும். பெருநாடியை நசுக்கி விட்டால் பழையபடி விரியும், பெருநாளம் அமுங்கியே கிடக்கும். பிறகு இழையவியல் பாடத்தில், நுணுக்குக்காட்டிச் சிலைட்டில் பெருநாடிச் சுவரில் அடுக்கடுக்காக நெளியும், இறப்பர்போல மீளும் மீள்சக்தித் தகடுகளைக் கண்டபோது விரலுக்கு ஏற்கெனவே காரணம் தெரிந்திருந்தது.

ஆடு ஏமாற்றும் இடங்களும் உண்டு. மனிதரில் பெருநாடி வில்லிலிருந்து மூன்று கிளைகள். ஆட்டில் தலைக்கும் முன்னங்கால்களுக்கும் சேர்த்து ஒரே அடிமரம். இன்னொன்று, நெஞ்சுச் சுவரின் இரத்தத்தைக் கொண்டுவரும் ஆட்டின் இடது அசைகஸ் நாளம், இதயத்தின் பின்பக்கத்தில் இதயத் தசையின் நாளங்கள் சேரும் முடியுருக் குடாவில் வந்து விழும். மனிதரில் அப்படி ஒரு வழி இல்லை. இங்கேதான் முளையவியல், அதாவது கரு வளரும் விதம், எனக்கு விளங்கியது. நாலாம் கிழமை முளையத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரியான நாளங்கள்தான். மனிதரில் இடப்பக்கம் பெரும்பாலும் சுருங்கி, முடியுருக் குடாவும் ஒரு சிறு சாய்நாளமும் மிஞ்சும். ஆடு அந்தப் பழைய பாதையை விடவில்லை. அரிதாகச் சில மனிதரிலும் அது அழியாமல் இடது மேற்பெருநாளமாகவே நின்றுவிடும்.

முளையத்தில் 22ஆம் நாளளவில் துடிக்கத் தொடங்கும் இதயக் குழாய் எப்படி வளைகிறது என்பதை ஆட்டு இதயம், பிளாஸ்டிக் இதயம் இரண்டுமே காட்டாது. அதற்கு ஒரு கால்மேசு போதும்: இரு முனைகளையும் பிடித்து, நடுவை வலப்பக்கம் தள்ளுங்கள்.

சோதனைக்கு முன் போர்மலின் இதயத்தை ஒரு தடவையாவது கையில் எடுத்தே ஆகவேண்டும். விறைத்துப்போன அதன் வால்வு அசையாது, ஆனாலும் கேள்வி வருவது அதிலிருந்துதான்.

வெட்டி முடித்த ஆட்டு இதயத்தைக் கறி வைக்கலாமா என்று கேட்காதீர்கள். நாங்கள் வைத்தோம்.